எந்தக் கிளஸ்டர், எந்த வாரம்? குபெர்னெட்டீஸ் பதிப்பு உயர்வுக்கு நாள் குறிக்கும் முறை

2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் தளம் 314 நிமிடம் முடங்கிக் கிடந்தது. காரணம், திட்டமிட்டுச் செய்த ஒரு பதிப்பு உயர்வு. அந்த நிறுவனத்தின் பழைய குபெர்னெட்டீஸ் கிளஸ்டர் ஒன்றை 1.23 பதிப்பிலிருந்து 1.24-க்கு ஏற்றியிருந்தார்கள்.

உள்ளே நடந்தது இது. கிளஸ்டரை ஆளும் நோட்களுக்கு குபெர்னெட்டீஸ் முன்பெல்லாம் ‘மாஸ்டர்’ என்றொரு லேபிள் ஒட்டும். அந்தப் பெயரைக் கைவிட்டு ‘கண்ட்ரோல் பிளேன்’ என்று மாற்றப்போவதாக 2020 டிசம்பரில் வந்த 1.20 பதிப்பிலேயே அறிவித்துவிட்டார்கள். 1.24-இல் பழைய லேபிளை நிஜமாகவே எடுத்துவிட்டார்கள். ரெட்டிட் கிளஸ்டரில் நெட்வொர்க்கைக் கவனித்துவந்தது காலிகோ. நோட்களுக்கிடையே பாதை சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டர்கள் எவை என்பதை அந்த மாஸ்டர் லேபிளை வைத்துத்தான் அது தேர்ந்தெடுத்தது. லேபிள் போனதும் தேர்ந்தெடுக்க ஒரு நோடும் மிஞ்சவில்லை. பாதை அறிவிப்பு நின்றது, கிளஸ்டர் முழுக்க நெட்வொர்க் அறுந்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப முறையான வழி அப்போது இல்லாததால் பேக்கப்பிலிருந்துதான் மீட்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிடவும் செய்தார்கள். கிளஸ்டர் நடத்துகிற ஒவ்வொரு குழுவும் அதை ஒருமுறையாவது படித்துவிட வேண்டும்.

பதிப்பு உயர்த்தும் கட்டளைகள் ஆவணங்களில் தெளிவாகவே இருக்கின்றன. எந்தக் கிளஸ்டரை எந்த வாரம் உயர்த்துவது, டெவ்வுக்கும் புரொடக்‌ஷனுக்கும் நடுவில் எவ்வளவு நாள் விடுவது, அந்த நாள்களில் என்ன செய்வது என்பதை மட்டும் அந்தந்தக் குழுதான் முடிவு செய்தாக வேண்டும். மூன்றில் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக உழைப்பு தேவை. டெவ்வை ஏற்றிவிட்டு மூன்று வாரம் அப்படியே விட்டுவைத்தால், கழிந்தது மூன்று வாரம். புரொடக்‌ஷனைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

வெளியீட்டுக் கணக்கு

குபெர்னெட்டீஸ் முன்பு ஆண்டுக்கு நான்கு பதிப்புகள் வெளியிடுவதையே முறையாக வைத்திருந்தது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பலரும் திணறியதால், 1.22 வந்த 2021 ஆகஸ்ட் முதல் அது அதிகாரப்பூர்வமாக மூன்றாகக் குறைந்தது. இப்போது ஏறத்தாழ ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று வருகிறது. 1.32 பதிப்பு 2024 டிசம்பரிலும், 1.33 பதிப்பு 2025 ஏப்ரலிலும், 1.34 பதிப்பு அதே ஆண்டு ஆகஸ்டிலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் 12 மாதம் முழு ஆதரவு, அதன்மேல் 2 மாதம் அவசரத் திருத்தங்கள் மட்டும். ஆக 14 மாதம். 2025 ஏப்ரலில் வந்த 1.33, 2026 ஜூனுடன் முடிகிறது.

இதிலிருந்து ஒரு கணக்கு தானாகவே கிடைக்கிறது. ஆண்டுக்கு மூன்று பதிப்பு வருகிறது, ஆயுளோ 14 மாதம். ஒரு குழு எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் ஆண்டுக்கு மூன்று படி ஏறித்தான் ஆக வேண்டும். மூன்றையும் தனித்தனியாக ஏறுவதா, ஒரே பருவத்தில் வரிசையாக ஏறுவதா என்பதில் மட்டும் தேர்வு உண்டு.

கண்ட்ரோல் பிளேன் படி தாண்டக் கூடாது. 1.31-இல் இருப்பது 1.32-ஐத் தொட்டுவிட்டுத்தான் 1.33-க்குப் போக முடியும். நோட்களில் ஓடும் கியூப்லெட்டுக்கு விதி தளர்வானது. ஏபிஐ சர்வரைவிட அது மூன்று பதிப்பு வரை பின்தங்கியிருக்கலாம், 1.28-க்கு முன்பு இரண்டு என்றிருந்ததைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஒருபோதும் ஏபிஐ சர்வரைவிட முன்னால் மட்டும் போகக் கூடாது. அதனால்தான் எந்த வழிகாட்டியைப் புரட்டினாலும் முதலில் கண்ட்ரோல் பிளேன், பிறகு நோட்கள் என்ற வரிசை இருக்கிறது.

இந்தத் தளர்வை நாள்காட்டி போடுகிறவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். நோட்கள் 1.31-இல் இருக்கட்டும். கண்ட்ரோல் பிளேனை ஆண்டுக்குள் 1.32, 1.33, 1.34 என்று ஏற்றிவிட்டு, நோட்களை ஆண்டுக்கு ஒரே முறை காலிசெய்து நேராக 1.34-க்குக் கொண்டுபோகலாம். பயன்பாடுகளுக்குத் தொந்தரவு தருவது பெரும்பாலும் நோட் மாற்றம்தான். தரவுத்தளங்களையும் நீண்ட நேரம் ஓடும் வேலைகளையும் கிளஸ்டருக்குள் வைத்திருக்கும் குழுக்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் நோட்களின் இயங்குதளத் திருத்தங்களை ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை வேறு கணக்கு.

புதிய பதிப்பை வந்த அன்றே புரொடக்‌ஷனுக்கு எடுத்துச்செல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. 2022 மார்ச்சில், எட்சிடி 3.5.0 முதல் 3.5.2 வரையிலான வெளியீடுகளில் தரவு முரண்படக்கூடிய பிழை இருப்பது தெரியவந்து, புரொடக்‌ஷனில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்தார்கள். 3.5.3-இல்தான் அது சரியானது. எட்சிடி என்பது கிளஸ்டரின் மொத்த நினைவும் இருக்கும் இடம். திருத்த வெளியீடுகள் மாதந்தோறும் வருவதால், இரண்டாவது திருத்தம் வரும்வரை பொறுத்திருந்து டெவ்வில் தொடங்குவது பல குழுக்களுக்குப் பொருந்தி வரும். ஏப்ரலில் பதிப்பு வந்தால் ஜூனில் டெவ், ஜூலையில் ஸ்டேஜிங், ஆகஸ்டில் புரொடக்‌ஷன். அதற்குள் அடுத்த பதிப்பு வாசலில் நிற்கும்.

நடுவில் உள்ள நாள்கள்

டெவ்வை ஏற்றுவதற்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. புதிய பதிப்பு எந்த ஏபிஐகளை நீக்குகிறது என்று பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் வந்த 1.16, டெப்லாய்மென்டின் பழைய ஏபிஐகளை எடுத்துவிட்டது. இன்கிரெஸ்ஸின் பீட்டா வடிவங்களும் சிஆர்டியின் பீட்டா வடிவமும் 1.22-இல் போயின. 1.25-இல் பாட் செக்யூரிட்டி பாலிசி முழுவதுமாகப் போனது, கிரான்ஜாபின் பீட்டா வடிவமும் கூடவே போனது. ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பு இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்காமல் விட்டவர்களும் இருந்தார்கள்.

யாமல் கோப்புகளில் தேடுவது பாதி வேலைதான். புளூட்டோ போன்ற கருவிகள் கோப்புகளையும் ஹெல்ம் வெளியீடுகளையும் அலசிச் சொல்லிவிடும். ஆனால் யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட், வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆபரேட்டர், மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் ஜாப் ஆகியவை கோப்புத் தேடலில் அகப்படாது. அதற்கு ஏபிஐ சர்வரையே கேட்க வேண்டும். காலாவதியாகப்போகும் ஏபிஐயை யாராவது அழைத்தால் ஏபிஐ சர்வர் அதைத் தன் மெட்ரிக்கில் குறித்துவைக்கும் வசதி 1.19 முதல் இருக்கிறது. கேட்க வேண்டியது புரொடக்‌ஷனின் ஏபிஐ சர்வரை. டெவ்வில் அந்த மாதாந்திர ஜாப் ஓடவே ஓடாது. ஆகவே டெவ்வை ஏற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே புரொடக்‌ஷனில் இந்த மெட்ரிக்கைக் கவனிக்கத் தொடங்கினால், மாதாந்திர வேலைகளும் ஒரு சுற்று வந்துவிடும்.

டெவ் கிளஸ்டர் எதையாவது நிரூபிக்க வேண்டுமானால், புரொடக்‌ஷனில் இருப்பது அதிலும் இருக்க வேண்டும். அதே நெட்வொர்க் பிளக்கின், அதே அட்மிஷன் வெப்ஹூக், அதே சேமிப்பக டிரைவர். செலவைக் குறைக்க டெவ்வில் எல்லாவற்றுக்கும் ஒரே ரெப்ளிகா வைப்பது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் அப்படிப்பட்ட கிளஸ்டர் நோடைக் காலிசெய்யும்போது வரும் சிக்கல்களை மறைத்துவிடும். அதனால் ஸ்டேஜிங்கிலாவது புரொடக்‌ஷனின் ரெப்ளிகா எண்ணிக்கையையும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டுகளையும் அப்படியே வைத்து, மேலே செயற்கையாகப் போக்குவரத்தை அனுப்பிக்கொண்டே நோட்களை மாற்றிப் பார்க்க வேண்டும். பயனாளிகளின் கோரிக்கை ஒன்றுகூட இல்லாத இரவில் நோட் மாற்றிப் பார்த்துவிட்டு ‘நன்றாகப் போனது’ என்று எழுதிவைப்பதால் பயனில்லை.

ரெட்டிட் கதையில் வந்த லேபிள் போன்றவைதான் பிடிக்க மிகக் கடினம். ஏபிஐ நீக்கத்தைக் கருவி கண்டுபிடிக்கும், லேபிள் நீக்கத்தைக் கண்டுபிடிக்காது. வெளியீட்டுக் குறிப்பில் ‘உயர்த்துவதற்கு முன் கட்டாயம் படிக்கவும்’ என்று ஒரு பகுதி பெரும்பாலும் இருக்கும். அதை ஒருவர் படித்து, அதில் வரும் ஒவ்வொரு பெயரையும் தங்கள் நிரல் முழுக்கவும், ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரின் கன்ஃபிகரேஷன் முழுக்கவும் தேடிப் பார்ப்பதற்கென்று அரை நாளை நாள்காட்டியிலேயே குறித்துவைக்கலாம். பெயர் போட்டுக் குறிக்காவிட்டால் அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

ஒரு நோடைக் காலிசெய்ய எவ்வளவு நேரம்?

புரொடக்‌ஷன் நேரத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். கண்ட்ரோல் பிளேன் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். நோட்கள்தான் இழுக்கும். ஒரு கிளஸ்டரில் 60 நோட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோடைக் காலிசெய்து, புதியது வந்து, பாட்கள் எழுந்து தயாராக 6 நிமிடம் ஆகிறது. ஒவ்வொன்றாகச் செய்தால் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். நிர்வாகம் ஒதுக்கியதோ நான்கு மணி நேரம். கூடுதலாக ஐந்து நோட்களை வாடகைக்கு எடுத்து ஐந்தைந்தாக மாற்றினால் 72 நிமிடத்தில் வேலை முடியும். அந்த ஐந்து நோட்களின் ஒன்றரை மணி நேர வாடகை, இரவெல்லாம் விழித்திருக்கும் பொறியாளர்களின் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

6 நிமிடம் என்பதும் ஸ்டேஜிங்கில் அளந்து பெற்ற எண்ணாக இருக்க வேண்டும். ஒரு பாட் அணைவதற்கு இயல்பாகத் தரப்படும் அவகாசம் 30 விநாடி. கியூ செயலிகள் அதை ஒரு மணி நேரம் என்றுகூட மாற்றிவைத்திருக்கும். அப்படி ஒரே ஒரு பாட் இருந்தால் போதும், கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

அடுத்தது பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட். ஒரே ரெப்ளிகா ஓடும் சேவைக்கு ‘குறைந்தது ஒன்றாவது இயங்க வேண்டும்’ என்று நல்ல எண்ணத்தோடு ஒருவர் எழுதிவைத்திருப்பார். நோடைக் காலிசெய்யும் டிரெயின் கட்டளை அந்தப் பாட்டை வெளியேற்றக் கேட்கும், ஏபிஐ சர்வர் மறுக்கும், ஐந்து விநாடி கழித்து மறுபடி கேட்கும், மறுபடி மறுக்கும். திரையில் அதே வரி ஓடிக்கொண்டே இருக்கும், நோட் நகராது. இரண்டு ரெப்ளிகா கொடுப்பது ஒரு தீர்வு. அந்தச் சேவை ஒரு நிமிடம் நின்றால் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டு பட்ஜெட்டை நீக்குவது இன்னொன்று. இரண்டில் எது என்பதை அந்தச் சேவையை எழுதிய குழு முந்தைய வாரமே சொல்லிவிட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு அவர்களைத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்கும் கேள்வி அல்ல அது.

இந்த இடத்தில் கிளவுட் நிறுவனங்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கின்றன. கூகுளின் ஜிகேஇ அந்தப் பட்ஜெட்டை ஒரு மணி நேரம் வரை மதிக்கும், அதற்குமேல் பாட்டை வலுக்கட்டாயமாக வெளியேற்றிவிடும். அமேசானின் இகேஎஸ் நிர்வகிக்கும் நோட் குழுக்களில் 15 நிமிடத்துக்குள் பாட் வெளியேறாவிட்டால் உயர்வே தோல்வி என்று நின்றுவிடும். கட்டாயப்படுத்தச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் மேலே போகும். மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ்ஸில் இயல்பான அவகாசம் 30 நிமிடம். ஒரே யாமலை மூன்று இடத்திலும் வைத்திருக்கும் குழு மூன்று விதமான இரவுகளைச் சந்திக்கும்.

நாளும் நேரமும்

‘போக்குவரத்து குறைந்த நேரம்’ என்று ஆவணங்கள் பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. நிஜத்தில் தொழிலின் நாள்காட்டியைத்தான் முதலில் விரித்துவைக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு மென்பொருள் நடத்துகிறவர்களுக்கு மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கக் கூடாத நாள்கள். வங்கி சார்ந்த வேலை என்றால் மார்ச் கடைசி வாரம் பேச்சே கிடையாது. துணிக்கடை, மின்வணிகம் என்றால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கிளஸ்டரைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அதே தடை நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும். இந்தத் தடை நாள்களையெல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால், ஆண்டில் வசதியான வாரங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே மிஞ்சும். மிஞ்சியவற்றில் புரொடக்‌ஷனுக்கான வாரங்களை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஸ்டேஜிங், டெவ் தேதிகளைப் போடுவதுதான் சரியான வரிசை. டெவ்விலிருந்து தொடங்கி முன்னோக்கிப் போட்ட திட்டம் பெரும்பாலும் ஏதாவதொரு பண்டிகை விற்பனையில் போய் முட்டும்.

சென்னையிலும் கோவையிலும் இருந்துகொண்டு அமெரிக்கச் சேவைகளை நடத்தும் குழுக்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. நியூயார்க்கில் அதிகாலை 2 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் பகல் 12.30, கோடையில் காலை 11.30. தூக்கம் கெடாமல், முழுக் குழுவும் இருக்கையில் இருக்கும்போது வேலையைச் செய்யலாம். ஆனால் பராமரிப்பு நேரத்தை யூடிசியில் எழுதிவைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும், யூடிசி நகராது. குளிர்காலத்தில் அதிகாலை 5 மணிக்கு முடிந்த வேலை, கோடையில் அங்கே 6 மணி வரை நீளும். காலையில் சீக்கிரம் தொடங்கும் தொழிலுக்கு அந்த ஒரு மணி நேரம் தாங்காது.

கிழமையில் செவ்வாயும் புதனும் நல்லவை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். பதிப்பு மாற்றத்தின் கோளாறுகள் பல உடனே தெரிவதில்லை. மெல்ல ஏறும் நினைவக அளவு, இரவு மட்டும் ஓடும் ஜாப், தானாக விரிவடைய மறுக்கும் நோட் குழு எல்லாம் மறுநாள்தான் முகம் காட்டும்.

தானாக ஏறும் கிளஸ்டர்கள்

ஜிகேஇ-யில் ரேபிட், ரெகுலர், ஸ்டேபிள் போன்ற சேனல்கள் உள்ளன. டெவ்வை ரேபிட்டிலும் புரொடக்‌ஷனை ஸ்டேபிளிலும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் டெவ்வில் சோதித்த அதே திருத்த வெளியீடுதான் புரொடக்‌ஷனுக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் டெவ் வேறெங்கோ போயிருக்கும். இரண்டையும் ஒரே சேனலில் வைத்து, முதல் தொகுதி ஏறிச் சில நாள் ஊறிய பிறகே அடுத்த தொகுதி ஏறும்படி வரிசைப்படுத்தும் வசதியைப் பயன்படுத்துவது மேல். பராமரிப்பு நேரத்தை எவ்வளவு சுருக்கினாலும் 32 நாளுக்குள் குறைந்தது 48 மணி நேரமாவது திறந்துவைக்க வேண்டும் என்பது அங்கே விதி.

இகேஎஸ்ஸில் தாமதத்துக்கு நேரடியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. 14 மாத இயல்பான ஆதரவில் ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 10 சென்ட். அதைத் தாண்டி நீட்டிப்பு ஆதரவுக்குள் போனால் 60 சென்ட். மாதத்துக்கு 73 டாலராக இருந்தது 438 டாலராகும். பத்து கிளஸ்டர் வைத்திருக்கும் நிறுவனத்தில், பதிப்பு உயர்வுக்கு ஏன் ஆள் ஒதுக்க வேண்டும் என்று கேட்கும் மேலாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கியூப்அட்மின் கொண்டு சொந்தமாக நடத்துகிறவர்களுக்கு வேறொரு கெடு காத்திருக்கிறது. அது உருவாக்கும் சான்றிதழ்கள் ஓராண்டில் காலாவதியாகும், பதிப்பு உயர்த்தும்போது தானாகப் புதுப்பிக்கப்படும். ஒழுங்காக ஏற்றிக்கொண்டே வருகிற குழு இப்படியொரு சான்றிதழ் இருப்பதையே அறியாமல் இருக்கலாம். ஓராண்டு தள்ளிப்போட்ட குழுவுக்கு ஒரு நாள் காலை ஏபிஐ சர்வர் பதில் சொல்லாது.

திரும்பிவரும் வழி

நோட்களைப் பொறுத்தவரை பழைய பதிப்பில் புதிதாக நோட் எழுப்பிவிடலாம். கண்ட்ரோல் பிளேனை அப்படி எளிதாகத் திருப்ப முடியாது. எட்சிடி ஸ்னாப்ஷாட் எடுத்துவைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். அதிலிருந்து கிளஸ்டரை எழுப்பிப் பார்ப்பதை மிகச் சிலரே செய்கிறார்கள். டெவ்வை ஏற்றும் வாரத்தில், ஏற்றிய அதே கிளஸ்டரை வேண்டுமென்றே பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிவைக்கலாம். மீட்புக் குறிப்புகள் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டவை, அப்போது எந்த கன்டெய்னர் ரன்டைம் இருந்தது என்பதும் அந்த ஒத்திகையில்தான் வெளியே வரும். 1.24-இல் டாக்கர்ஷிம் நீக்கப்பட்டபோது, டாக்கர் கட்டளைகளை நம்பி எழுதிய பழைய குறிப்புகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின.

புரொடக்‌ஷனில் இரண்டு, மூன்று கிளஸ்டர் வைத்திருப்பவர்கள் அவற்றை ஒரே இரவில் ஏற்றக் கூடாது. போக்குவரத்து குறைவாக உள்ளதை ஒரு வாரமும் மற்றதை அடுத்த வாரமும் ஏற்றினால், முதலாவது வீழ்ந்தாலும் போக்குவரத்தை இரண்டாவதற்குத் திருப்பலாம். அந்த வாரத்தில் இரண்டாவதற்கு முழுச் சுமையையும் தாங்கும் அளவு நோட்கள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நாள்காட்டி எதற்கும் காத்திராத செய்திகளும் வரும். 2024 ஜனவரி கடைசியில், கன்டெய்னர்களை இயக்கும் ரன்சியில், கன்டெய்னரிலிருந்து நோடுக்குள் நுழைய வழிவிடும் பிழை வெளியானது. 2025 மார்ச்சில் இன்கிரெஸ் என்ஜின்எக்ஸில் 10-க்கு 9.8 என்று மதிப்பிடப்பட்ட பிழை அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கு மாதக்கணக்கான சுழற்சி உதவாது. ஆனால் வரிசை உதவும். டெவ்வில் ஒரு மணி நேரம், ஸ்டேஜிங்கில் இரண்டு மணி நேரம், அன்று மாலைக்குள் புரொடக்‌ஷனின் முதல் நோட் குழு என்று அதே படிகளைச் சுருக்கிக்கொள்ளலாம். இந்த அவசர வழிக்கு யார் ஒப்புதல் தருவது, தடை நாள்களிலும் அது செல்லுமா என்பதைப் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். தீபாவளி விற்பனைக்கு நடுவில் அப்படியொரு அறிவிப்பு வந்தால், தேட நேரம் இருக்காது.